கல்யாணத்துக்கு வந்த வண்டு

நோர்பரியில் பேருந்தின் மேல்தளத்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மழையில் ஜன்னலெல்லாம் ஆவி படர்ந்து, கடைகள் தண்ணீருக்கடியில் மிதப்பவை போலத் தெரிந்தன. இளையவளின் போனில் ஏதோ நாட்டுப் போர்ச்செய்தி ஓடியது. நிலவறை ஒன்றில் படைவீரர்கள் பழைய ஷெல் ஒன்றைச் சின்ன ட்ரோனின் அடியில் டேப் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்கட மகளின்ர கலியாணத்துக்கு விட்டதும் இதுதானே?"

"ஓம். அதில கமெரா மட்டும்தான் இருந்தது." மூத்தவள் போனையே பார்த்தாள். "பாவம், சின்னப் பெடியள். மாலை கட்டுற மாதிரியெல்லோ கட்டுறாங்கள்."

"கமெரா எண்டு தெரிஞ்சும் ஏன் அண்டைக்கு நிலத்தில விழுந்து படுத்தனீங்கள்?"

"சண்டை நேரம் வன்னியில ஆமியின்ர வேவு விமானத்தை வண்டு எண்டு சொல்லுவம். அது சுத்திப்போட்டுப் போனா, பிறகு ஷெல் வரும். இதுவும் சேர்ச் வாசல்ல அதே இரைச்சலோட வந்தது. எல்லாரும் மேல பாத்துக் கை காட்டிச்சினம். நான் பட்டுச்சீலையோட புல்லில குப்புறப் படுத்திட்டன்."

"நீங்கள் மட்டுமோ?"

"ரெண்டு பேர். வீடியோவில வடிவாத் தெரியுது."

"மற்றது ஆர்?"

"மாப்பிள்ளையின்ர தாய்."

"அவ சண்டைக்கு முதலே பிரான்சுக்குப் போனவ எண்டெல்லோ சொன்னவை?"

"அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லுறவ."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

மூத்தவள் ஜன்னல் ஆவியில் விரலால் மெல்ல ஒரு வட்டம் வரைந்தாள்.

"புல்லில கிடந்தபடியே என்ர கையைப் பிடிச்சா. வண்டு போகுமட்டும் விடேல்லை."