ரவிக்கை தைக்கப் போன பொண்ணு

கோவர்த்தனன் வீடா? எந்தக் கோவர்த்தனன்? எங்க பிச்சாட்டூர்ல அந்தப் பேர்ல மூணு பேரு கீறாங்க. ஆங், ஒரே பொண்ணு வெச்சிருக்கிறவன். வேர்க்கடலை போடுறவன். பொண்ணு பேரு தாட்சாயணி. அப்டிச் சொல்லுங்க. தெரியும், நல்லாவே தெரியும். முதல்ல குந்துங்க. இந்த வெயில்ல எங்க ஓடறீங்க? நகரியில பஸ் மாறி நின்னுக்கினே வந்திருப்பீங்க. டேய் ரங்கா, ஐயாவுக்கு ஒரு டீ போடு, சக்கரை தூக்கலா. நீ இன்னாத்துக்குடா சிரிக்கிற? வேலையப் பாரு.

அவன் அப்டித்தாங்க, டீக்கடை வெச்ச நாளா சிரிச்சிக்கினே இருப்பான். கண்டுக்காதீங்க.

திருத்தணியா நீங்க? அட, போன பங்குனி வரைக்கும் நாம ஒரே ஜில்லாக்காரங்க. இப்ப பாருங்க, நீங்க மெட்ராஸ், நாங்க ஆந்திரா. கோடு போட்டுப் பிரிச்சிட்டானுங்க. பையன் இன்னா பண்றாரு? ஸ்கூல் வாத்தியாரா. நல்லது நல்லது. பொண்ணு பாக்க எல்லாரும் வர்றதுக்கு முன்ன தனியா ஒரு நடை வந்து விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தீங்க. அதான் சரி. ஊருக்குள்ள போயி விசாரிச்சா ஆளுக்கொண்ணு சொல்லுவான். நான் சொல்றத கேளுங்க, முழுசா சொல்றேன்.

மொதல்ல கோவர்த்தனன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சிக்கோங்க. சரியான முட்டாளு. இல்லைங்க, கோவத்துல சொல்லல, ஊரே சொல்லும். எல்லைக் கமிட்டியில இருந்தான். கருப்புத் துணி குத்திக்கினு, கொடி புடிச்சிக்கினு, எங்க ஊரையும் மெட்ராசோட சேருன்னு கத்துவான். கத்தட்டும், வேணாங்கல. அதோட நிறுத்தினானா? ஒரு நாள் கூட்டத்துல எல்லாரும் கை தட்டவும் வேகம் வந்து சத்தியம் பண்ணிட்டான். இந்த ஊரு அந்தப் பக்கம் போற வரைக்கும் என் வாயில ஒரு வார்த்த தெலுங்கு வராதுன்னு. ஏங்க, புத்தூர் சந்தையில கடலை விக்கிறவன் தெலுங்கு பேசாம இன்னா பண்ணுவான்? வெரல காட்டி, தலைய ஆட்டி, ஊமை மாதிரி வித்துட்டு வருவான். அதக்கூட விடுங்க. அவன் மாட்டு ஜோடி ஏர்பேட்டுல வாங்குனது. தெலுங்குல சொன்னாத்தான் நடக்கும். இவன் தமிழ்ல ஹை, போ, திரும்புன்னு கத்துறான், அதுங்க நின்னு அசை போடுதுங்க. ஒரு உழவுப் பட்டம் முழுக்க செங்கம்மாதான் பின்னாலயே போயி மாட்டுக்குத் தெலுங்குல சொல்லிக்கினு இருந்திச்சு. செங்கம்மா அவன் பொஞ்சாதிங்க. தங்கமான மனுசி.

டேய் ரங்கா, கிளாஸ ஒழுங்கா கழுவு.

அப்பால மூணு வருசம் முன்ன அந்த ஃப்ளூ ஜொரம் வந்திச்சே, ஞாபகம் கீதா? மெட்ராஸ்ல கப்பல்ல வந்து எறங்குச்சுன்னாங்களே, அது. உங்க ஊருலயும் வந்திருக்கும். இங்க ஊரே படுத்துக்கிச்சு. ஸ்கூல மூடிட்டாங்க. அந்த நேரத்துல கமிட்டிக் கூட்டம் வேற. நாப்பது பேரு கோஷம் போடப் போயி நாப்பது பேரும் இருமிட்டு வந்தானுங்க. கலெக்டருக்கு மனு எழுதறவன் எழுத்து எழுத்தா தும்முறான். தாட்சாயணிக்கும் ஜொரம். பதினேழு வயசு அப்ப. ஒரு வாரத்துல எல்லாருக்கும் விட்டுது, அதுக்கும் ஜொரம் விட்டுது. இருமல் மட்டும் போவல.

ஃப்ளூ இருமல், போயிடும்னாங்க. தூதுவளை ரசம் வெச்சிக் குடுத்தாங்க. ஆடாதொடைக் கஷாயம். நாராயணவனம் பெருமாளுக்குக் காசு முடிஞ்சி வெச்சாங்க. புத்தூர்ல ஒரு கம்பவுண்டரு ரோஸ் கலர்ல மருந்து குடுத்தான், அது பாக்க நல்லா இருந்திச்சு, அவ்ளோதான். பொண்ணு எளைச்சிக்கினே போவுது. சாயந்தரம் ஆனா உடம்பு சுடுது. கோவர்த்தனன் கமிட்டி கமிட்டின்னு சுத்திக்கினு கீறான். ஒரு நாள் செங்கம்மா துணி தொவைக்கிறப்ப தாவணி முந்தியில செவப்பா ஒரு கறை. இன்னாடின்னு கேட்டா, வெத்தல போட்டேன்னு சொல்லிச்சாம். வெத்தல போடுற பொண்ணா அது? வெத்தல வாசன வந்தாலே மூஞ்சத் திருப்பிக்கும்.

மறுநாளே திருப்பதிக்கு இஸ்துக்கினு போனாங்க. இனிமேதான் வேடிக்க. பெரிய ஆஸ்பத்திரி, உள்ள போனா டாக்டரு தெலுங்குல கேக்குறாரு, எத்தினி நாளா தக்குன்னு. தக்குன்னா இருமல். இவனுக்குத்தான் சத்தியமாச்சே. மூணு வெரல காட்டுறான். மூணு நாளா? இல்லன்னு தலைய ஆட்டுறான். மூணு வாரமா? ஆட்டுறான். டாக்டரு பாவம், ஆளு ஊமைன்னு நெனச்சிக்கினு இரக்கமா பாக்குறாரு. செங்கம்மாவுக்கு அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியப் பாத்ததுமே நாக்கு ஒட்டிக்கிச்சு, கால் பெருவெரலால இவன் கால மிதிக்கிது. இவன் அசையல. அப்ப டாக்டரு மெதுவா கேட்டாரு. ரக்தம் படிந்தா? ரத்தம் விழுந்திச்சான்னு.

அவ்ளோதாங்க. ஒடைஞ்சி பூட்டான். படிந்தி சாரூ, நா பிட்டனு காப்பாடண்டின்னு கையெடுத்துக் கும்பிட்டு அழுவுறான். என் கொழந்தைய காப்பாத்துங்கன்னு. கமிட்டியாவது, கோடாவது. அப்ப அந்த டாக்டரு கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? காப்பாத்தலாம், அழாதேயும். இத்தன நாழி தமிழ்லயே சொல்லியிருக்கலாமே ஓய், நான் தேசிகன், இங்க மாட வீதியிலதான் பொறந்தேன்னாரு!

சிரிங்க சிரிங்க. நானும் இப்ப சிரிக்கிறேன். அன்னிக்கு யாரும் சிரிக்கல.

எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. வலது பக்கம் மேல. ஏங்க, டீ ஆறுதே, குடிங்க. தெரியும், அந்தப் பேரக் கேட்டா எல்லாரும் அப்டித்தான் கொஞ்சம் தள்ளி உக்காருவாங்க. தப்பில்ல. மீதியக் கேட்டுட்டுத் தள்ளி உக்காருங்க.

மதனப்பள்ளி பக்கம் சானடோரியத்துல சேத்தாங்க. பதினாலு மாசம். தெனம் ஊசி. கை நிறைய மாத்திர. நீட்டு வராந்தா, வரிசையா கட்டிலு, நல்ல காத்து. காலையில ரெண்டு முட்டை, சாயந்தரம் ரெண்டு முட்டை, பாலு. ஒரு மாசம் போவுறதுக்குள்ள பக்கத்துக் கட்டில் ரத்தினம்மாகிட்ட தெலுங்கு எழுத்து அத்தினியும் கத்துக்கிச்சு. அந்தப் பொண்ணு மதனப்பள்ளிக்கும் அந்தாண்ட எங்கயோ. ரெண்டும் இருமல் வராத நேரமா பாத்து சிரிச்சிக்கினு கெடக்கும். ஒரு மாசம் கோவர்த்தனன் போனப்ப அந்தக் கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க. ரத்தினம்மா எங்கன்னு இவன் கேக்கல. கொண்டு போன சாத்துக்குடிய உரிச்சிக் குடுத்துட்டு வந்துட்டான்.

சரி, ஊருல இன்னா சொன்னான்னு கேளுங்க. அதுதான் பெரிய கூத்து. டி.பி.ன்னா பொண்ண யாரு கட்டுவான்? அதனால, தாட்சாயணி மெட்ராஸ்ல சித்தி வீட்டுல தங்கி தையல் கத்துக்குதுன்னு சொல்லிட்டான். சொன்னவன் சும்மா இருந்தானா? நம்பணுமேன்னு, ஒரு தடவ மதனப்பள்ளி போயிட்டு வர்றப்ப திருப்பதியில எறங்கி ஒரு ரவிக்கை வாங்கியாந்து, இது எம் பொண்ணு தெச்சதுன்னு செங்கம்மாவப் போட்டுக்கச் சொன்னான். ஊருப் பொம்பளைங்க பாத்தாங்க. தையலு நல்லா கீதே! அடுத்த மாசம் கெளம்புறப்ப வாசல்ல அஞ்சு பேரு, ஆளுக்கொரு துணியோட. எனக்கு முழுக்கை, எனக்கு பஃப் கை, எனக்குப் பின்னால கொக்கின்னு. இவன் இன்னா பண்ணுவான்? கோவிந்தராஜ சாமி கோயிலாண்ட திருவேங்கடம்னு ஒரு டைலரப் புடிச்சான். கடோத்கஜன் மாதிரி ஆளுங்க அவரு. அவருகிட்ட துணியக் குடுத்துட்டு மதனப்பள்ளி போறது, திரும்பி வர்றப்ப வாங்கியாறது. மீசைய முறுக்கிக்கினு ஜில்லாவையே ரெண்டாக்குவேன்னு கத்துனவன் பையில, ஊருப் பொம்பளைங்க மார்பளவு சீட்டு! பதினாலு மாசத்துல ஊருல பாதிப் பேரு தாட்சாயணி தெச்ச ரவிக்கைதான் போட்டுக்கினு இருந்தாங்க.

ரங்கா, நீ சிரிச்சி முடிச்சிட்டியா? உன் பொஞ்சாதி மூணு தெச்சிக்கிச்சு, சொல்லட்டா?

போன வருசம் சித்திரையில பொண்ணு வந்திச்சு. கன்னம் உப்பி, கை காலெல்லாம் சதை வெச்சி, அடையாளமே தெரியல. சளியில கிருமி இல்லன்னு மூணு தடவ பாத்து எழுதிக் குடுத்திருக்காங்க. வந்த மறுநாளே கூடத்துல பொம்பளைங்க கூட்டம். துணியோட வந்துட்டாங்க. நாகபூஷணம்னு ஊருல ஒருத்தரு, அவரு வீட்டுலேருந்து தையல் மிஷினு கூட கொண்டாந்து எறக்கிட்டாங்க. அளவு எடும்மா, தெய்யும்மான்றாங்க. கோவர்த்தனன் தூணு பின்னால நின்னுக்கினு, தலைவலி, வெயிலுல வந்த பொண்ணு, நாளைக்குன்னு முழுங்குறான். தாட்சாயணி அந்த மிஷினப் பாக்குது, அப்பனப் பாக்குது. இன்னா நைனா இது?ன்னு கேட்டுது. அதுக்குத் தெரியாதே, இவன் சொல்லவே இல்ல.

அப்பால அதுவே சொல்லிச்சு. எனக்குத் தைக்கத் தெரியாதுங்க. எனக்கு டி.பி. வந்திச்சு, மதனப்பள்ளியில இருந்தேன், இப்ப போயிடுச்சுன்னு. கத்திச் சொல்லல. தண்ணி குடிச்சேன்னு சொல்ற மாதிரி சொல்லிச்சு.

அவங்கவங்க துணிய எடுத்துக்கினு போயிட்டாங்க. மிஷின மட்டும் தூக்க ஆளு வரணும்னு விட்டுட்டுப் போனாங்க, அத ரெண்டு நாள் கழிச்சி மூக்கக் கட்டிக்கினு வந்து தூக்கிக்கினு போனானுங்க. அன்னிக்கு சாயந்தரமே ஆரணியாத்துல ரவிக்கையா மிதந்துச்சுங்க! டைலரு திருவேங்கடம் தெச்சது. அவருக்கு ஒரு தும்மல் கூட கெடையாது.

ஆறு மாசம் அந்த வீட்டுல யாரும் தண்ணி குடிக்கல. கமிட்டிக்காரன் ஒருத்தன் வரல. செங்கம்மா கெணத்தடியில நின்னா மத்தவங்க கொடத்த எடுத்துக்கினு நகந்துடுவாங்க. ஆனா பாருங்க, மத்தியானம் ஊரே தூங்குற நேரத்துல கொல்லைப் பக்கமா ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. தாட்சாயணி, எனக்கு ரெண்டு மாசமா இருமலு. தாட்சாயணி, எங்க வீட்டுக்காரருக்கு சாயந்தரம் ஆனா ஜொரம். வாசல்ல வர மாட்டான், கொல்லையில வருவான். தோ, இந்த ரங்கன் வந்தான், பொஞ்சாதிக்குன்னு. அது ஒரு வார்த்தை குத்திக் காட்டலைங்க. வாங்கன்னு திருப்பதி பஸ்ல ஏத்திக்கினு போயி, எக்ஸ்ரே எடுக்க வெச்சி, டாக்டருகிட்ட அவங்களுக்காக அதுவே தெலுங்குலயும் தமிழ்லயும் எடுத்துச் சொல்லும். இதுவரைக்கும் பதினோரு பேரு. அதுல நாலு பேருக்கு நெசமாவே அந்த நோவு. நாலும் இன்னிக்கு நல்லா கீது. ரங்கன் பொஞ்சாதி உள்ள உங்களுக்கு வடை சுட்டுக்கினு கீது பாருங்க.

இப்ப சிரிக்க மாட்டான் பாருங்க.

கல்யாணமா? அதுக்குத்தான் வர்றேன். ரெண்டு எடம் வந்திச்சுங்க. ரெண்டு தடவையும் கோவர்த்தனன் வாயத் தெறக்கல. பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் துன்னாங்க, பொண்ணப் புடிச்சிருக்குன்னாங்க, வெத்தல பாக்கு எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாங்க. இங்க யாரோ சொல்லிட்டாங்க. அவ்ளோதான், அப்டியே போனவங்க கடுதாசி கூட போடல. ரெண்டாவது தடவ அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. நைனா, காபி குடிச்சப்புறம் தெரிஞ்சா அது அவங்கள ஏமாத்துனது. வீட்டுப் படி ஏறுறதுக்கு முன்ன, ரோட்டுலயே, அத்தினியும் சொல்லணும். சொல்லாம யாராவது உள்ள வந்தாங்க, நான் கூடத்துக்கு வரவே மாட்டேன்னு.

எல்லாம் எப்டித் தெரியும்னு கேக்குறீங்களா? தெரியாம இருக்குமா. நீங்க புதன்கெழம காலையில வர்றேன்னு எழுதின கார்டு தோ என் பையிலதான் கீது. எந்த பஸ்ஸுன்னு எழுதல, அதனால மொத பஸ்லேருந்து இங்கயே குந்திக்கினு கீறேன். நாந்தாங்க கோவர்த்தனன்.

எழுந்திரிக்காதீங்க, பொறுமையா. நீங்க வந்த பஸ்ஸு தோ நிக்குது, அதேதான் நகரிக்குத் திரும்பும். ஏறிட்டீங்கன்னா நான் ஒண்ணியும் தப்பா எடுத்துக்க மாட்டேன். பஸ்ல யாரும் வரலன்னு வீட்டுல சொல்லிடுவேன். இல்ல, அதுவும் பொய்யி. வந்தாரு, போயிட்டாருன்னு சொல்லிடறேன். விசிலு ஊதுறான். யோசிங்க, ஒண்ணும் அவசரமில்ல… அவன் அவசரத்துல கீறான், நான் இன்னா பண்ண? ஏங்க. ஏங்க, பஸ்ஸு நகருது.

பூடுச்சு.

அடுத்தது நாலு மணிக்குத்தாங்க. வடைய துன்னுட்டுப் போலாமா? இல்ல இப்பவே வர்றீங்களா. சரி வாங்க, நெழலோரமா நடங்க. ஒரே ஒரு ஒத்தாச பண்ணணும் எனக்கு. உள்ள நொழைஞ்சதும், உங்க நைனா எங்கிட்ட அத்தினியும் சொல்லிட்டாரும்மான்னு நீங்களே அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா அது நம்பாது.