எமனுக்கு ஒற்றைக் கொம்பு

“எமன் கொம்ப ஆடு தின்னுட்டு, தாயி.”

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் பக்கத்து சீட்டு அம்மாளிடம் சொன்னார். மடியில் தசரா வேஷத்துக்கான அட்டைக் கிரீடம், அதில் ஒரே ஒரு கொம்பு. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

“ஆடு எப்படி அண்ணாச்சி கொம்பத் திங்கும்?” என்றார் அந்த அம்மாள்.

“பேப்பரச் சுருட்டி மைதாப் பசை தடவிச் செஞ்சது. வெயில்ல காய வச்சேன்.”

“மைதாவா? கொஞ்சம் உப்புப் போட்டிருந்தா நீங்களே தின்னுருப்பீய.”

“சிரிக்காதீய. ஒத்தக் கொம்போட போனா எமன்னு எவன் பயப்படுவான்?”

“அந்த ஆட்ட வித்துத் தொலைங்க.”

“எப்படி விக்க? போன வருசம் அது சீக்குல கிடந்துச்சு. பிழைச்சா எமன் வேசம் கட்டுதேன்னு நேந்துக்கிட்டதே அதுக்காகத்தான்.”