மாலை போட்டவரின் நெஞ்சு

கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கும் பேருந்தில், “சட்டையக் கழட்டுங்க” என்று செவிலியர் ஒருவர் முன்னிருக்கைக்காரரிடம் சொன்னார். எடை குறைந்து பிறந்த தங்கள் குழந்தையை வெற்று மார்பில் அணைத்தபடி வந்த அவர் மனைவி, வளைவுகளில் வாந்தியெடுத்து மயங்கியிருந்தார்.

“சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேனுங்க சிஸ்டர். பொறந்த தீட்டு ஆகாது. துணியில சுத்திக் குடுத்தா வாங்கிக்கிறேன்.”

“துணிக்கு ஏதுங்க சூடு? புள்ளைக்குக் காலு சில்லிட்டுருச்சு. உங்க ஒடம்புச் சூடுதான் வேணும். நான் இவங்களப் புடிச்சுக்கணும்.”

“குருசாமி திட்டுவாருங்க.”

“திட்டட்டும். திட்டு வாங்க நீங்க இருப்பீங்க. புள்ள இருக்கணுமில்லீங்க?”

அவர் மாலையைக் கழற்றி நடத்துநரிடம் கொடுத்துவிட்டுச் சட்டையைத் திறந்தார். குழந்தை நெஞ்சுக்கு மாறியது. பேருந்து இரண்டு வளைவுகளைக் கடந்தது.

“சிஸ்டர், நெஞ்சுல ஒதைக்குதுங்க.”

“ஒதைக்கட்டும். கையை மட்டும் எடுத்துராதீங்க.”