பதினேழாவது கட்டத்து நாத்துங்க

ஹலோ... ஆங், மெர்சிலின்தான் சார்... கேக்குது, கேக்குது, சொல்லுங்க... அமிர்திக்கு மேல, ஓடக்கரைல நிக்கிறேன்...

ஆமா, கொழந்தையோடதான்... அஞ்சு மாசம் ஆவுது... இல்ல சார், புதர்ல போட்டுட்டு வரல. அவங்கப்பா நெழல்ல வெச்சினு உக்காந்துக்கிறாரு... ஜெர்சனுக்கு வேலை இல்லையாவா? லீவு போட்டுக்கிறாரு சார். ஆம்பளைங்க கேட்டாலும் குடுக்குறாங்க.

ஆங்... ஆங்... இன்னாது? கைடு நீங்களே என் ஆராய்ச்சியத் தூக்கி, கூடப் படிக்கிற மோகன்கிட்ட குடுக்கச் சொல்றீங்களா?

இருங்க, இருங்க. இந்தக் காட்ல கயிறு கட்டி நாப்பது கட்டம் போட்டு, மூணு வருசமா மாசாமாசம் சந்தன நாத்த அளந்தது நானு. வாந்தி எடுத்துனே அளந்தேன். ஏழாம் மாசத்துல குனிய முடியாம மண்ல உக்காந்து அளந்தேன். இப்ப கட்டுரைல மொதப் பேரு மோகனுக்கு, எனக்குக் கடைசில ஒரு நன்றியா?... ரொம்பப் பெரிய மனசு சார்...

என் ஒடம்ப நெனச்சா? அடடா! வயித்துப் புள்ளையோட ஜீப் கேட்டேனே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை?... பஸ்ல போன்னீங்க. போனேன்.

செரி, நான் பிரசவத்துக்குப் போன அஞ்சு மாசமும் மோகன்தான அளந்தாரு?... ஆமா, ஆமா, ஒரு மாசம் வுடாம. நோட்டு என் கைலதான் இருக்குது. பதினேழாவது கட்டத்துல பன்னெண்டு நாத்து, பிப்ரவரில ரெண்டு சென்டி வளந்துக்குதாம்... சந்தோசந்தான். எங்க வளந்துச்சு? டிசம்பர் வெள்ளத்துல கரை இடிஞ்சு அந்தக் கட்டமே ஓடைக்குள்ள போயிடுச்சு. அமிர்தில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நட்ட கம்பிகூட இல்ல, நேத்து வந்து பாத்தேன்...



மோகன்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? கேளுங்க, கேளுங்க. ஆனா காலைலயே போட்டோவோட ஆராய்ச்சிக் கமிட்டிக்கு மெயில் போட்டுட்டேன்... பதிலும் வந்துடுச்சு. விசாரிக்கிற வரைக்கும் என் வேலைய யார்கிட்டயும் மாத்தக் கூடாதாம். உங்களுக்கும் காப்பி வந்துருக்கும், தொறந்து பாருங்க...

கத்தாதீங்க சார்... எது? பொம்பளைய சேத்ததே தப்பா?... இன்னொரு வாட்டி சொல்லுங்க, அதையும் எழுதி அனுப்பிடறேன்... சொல்லுங்க சார்... ஹலோ?

...ஏங்க, கட் பண்ணிட்டாரு. அழறானா? குடுங்க இப்டி. பால் குடுத்துட்டு பதினெட்டாவது கட்டத்துக்குப் போலாம்.