பின்பக்கத்து முத்திரை

தபால்தலையை விரலால் எடுக்கக் கூடாது, ஐயா. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கிவிடும். அந்த இடுக்கியால் எடுங்கள். காவல் நிலையத்தில் வந்து நான் உங்களுக்குப் பாடம் நடத்துவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பழக்க தோஷம், வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய தபால்தலைகள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வேன். அந்தக் காலத்தில் நல்ல தபால்தலைகளைத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மை தாளின் மேல் லேசாகப் புடைத்து நிற்கும். போலியில் அது தட்டையாகப் படுத்துக் கிடக்கும். ஓரத்துப் பற்களை அளப்பேன், கறுப்புத் தட்டில் பென்சீன் ஊற்றித் தலையை அதில் போட்டு, தாளுக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறி தெரிகிறதா என்று பார்ப்பேன். போலி என்று முடிவானால், பின்பக்கத்தில் அழியாத மையில் "போலி" என்று சின்ன முத்திரை ஒன்று குத்துவேன். இன்னொருவர் தலையில் அதைக் கட்டிவிடக் கூடாது அல்லவா, அதற்காக. குத்தினால் குத்தியதுதான். சுரண்டினால் தாளும் சேர்ந்து போய்விடும்.

சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை என்னுடையது. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். "அசல்தான்" என்று சொன்ன மறு நிமிடம், வீட்டில் சொல்வதற்காகத் தலைதெறிக்க ஓடுவார்கள். உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்தவர் கிடையாது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இல்லை. சில வாரங்களில் என் குரலை நானே கேட்பது, கீழே போய் "சட்டை ரெடியா" என்று கேட்கும்போது மட்டும்தான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் அந்த மருந்துக்கடைக்காரர் ஒரு புதன்கிழமை வந்தார். கடையை விற்றுவிட்டு ஓய்வாக இருந்தார், மனைவி காலமாகிவிட்டார். அவருடைய அப்பா சேர்த்த ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா ரயில்வே குமாஸ்தாவாம். சம்பளத்தையெல்லாம் தபால்தலையில் கொட்டியதால் வீட்டில் எல்லோரும் அவரைப் பைத்தியக்காரர் என்று கரித்துக்கொட்டியபோது, இவர் ஒருவர்தான் அப்பா பக்கம் நின்றாராம்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைங்க. ஒண்ணுகூடப் போலி இருக்காது. இருந்தாலும் ஒருவாட்டி பாத்துடுங்க," என்றார்.

முதல் பக்கத்தைப் பார்த்தேன். அத்தனையும் அசல். சொன்னேன். முகமெல்லாம் பல்லாக எழுந்துகொண்டார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "அப்ப மீதியும் சரியாத்தான் இருக்கும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்," என்றார்.

அப்போதுதான் நான், "அடுத்த பக்கத்துல இந்த நீலத் தலை கொஞ்சம் இடிக்குது," என்றேன். இடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான நீலத் தலையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அவர் மறுபடி உட்கார்ந்தார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பற்றிப் பேசினார், கடைக்கு வந்த இருமல்காரர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கவைத்தார். நான் போட்ட டீயை, சர்க்கரை தூக்கலாக இருந்தும், முகம் சுளிக்காமல் குடித்தார். அடுத்த புதன்கிழமை நீலத் தலைக்குப் பின்னால் முத்திரை குத்தினேன். தொழில் என்று வந்தால் அரைகுறையாகச் செய்ய எனக்குப் பிடிக்காது.

அப்புறம் புதன்தோறும் ஒரு பக்கம் பார்த்தோம். அசல் என்றால் சீக்கிரம் கிளம்பிவிடுவார், போலி என்றால் இருப்பார். ஆகவே போலிகள் கூடிக்கொண்டே போயின. ஒரு நாள், "எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சேதான் எங்களை ஏமாத்தினாரா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். "தெரிஞ்சிருக்கலாம்," என்றேன். அந்தப் பேச்சு பல வாரம் ஓடியது. அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகப் பிறகு ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இன்னொரு மனிதரை நான் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

கடைசியில் அவருடைய மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆல்பத்தையும் கொண்டுபோய், அங்கே இதே தொழில் செய்யும் ஒரு அம்மாளிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் கெட்டிக்காரி. எல்லாமே அசல் என்றும், முத்திரை குத்திக் குட்டிச்சுவராக்கியவனைத்தான் பிடித்து விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

மருந்துக்கடைக்காரர் தனியாகத் திரும்பி வந்தார். மழைக்கோட்டைக் கதவோரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? செத்துப்போன மனுஷனை ஏமாத்துக்காரன்னு நினைக்க வெச்சிட்டீங்களே."

"அசல்னு சொல்லியிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க," என்றேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நாற்காலியிலிருந்து எழப் போனவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கோட்டுப் பையில மாத்திரை இருக்கு. எடுங்க," என்றார்.

கொக்கி எனக்குக் கையெட்டும் தூரம். மாத்திரையைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவார், எழுந்து போய்விடுவார், அப்புறம் இந்த ஜன்மத்தில் வர மாட்டார் என்று தோன்றியது. தப்பாக யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது முறை கேட்டார். "இருங்க, எங்கயும் போகாதீங்க," என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. சட்டை கொண்டுவந்த சலவைக்கடைப் பையன் பார்த்துவிட்டுத் தகவல் சொல்லி, உங்கள் ஆட்கள் வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

ஆமாம், கொலைதான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் தனியாகச் சாகவில்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

இன்னொன்று. முதல் முறை மாத்திரை கேட்டதற்கும் இரண்டாவது முறை கேட்டதற்கும் நடுவில் அவர் ஒன்று சொன்னார். எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். "சும்மா வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாமே. தினமும் வந்திருப்பேனே," என்றார்.

மாத்திரைக்காகச் சொன்ன பேச்சு. போலியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும், ஐயா.