லோரித் தராசில் இளைத்தவர்

தஞ்சோங் காராங் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

"என்னங்க, உங்க வெயிட்டு பொத்துனு கீழ விழுதுங்க."

மடியில் லேப்டாப். திரையில் ஒரு கோடு நேராகப் போய்க் கடைசியில் செங்குத்தாக இறங்கியிருந்தது.

"பைத்தான் படிச்சு நான் போட்ட முதல் கிராஃப். புரோகிராம மாத்தி மாத்தி எழுதிட்டேன், இப்படியேதான் வருது."

"ஏன் மாத்துற? ஒரே வாரத்துல பத்து கிலோ கொறைச்சிருக்கேன் லா! கிளினிக்ல அந்த நர்ஸ் மிஸ்ஸி இன்னிக்கு எப்படித் திட்டுதுன்னு பாப்போம்."

"அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா அசையவே இல்லையே?"

"உள்ளுக்குள்ள இளைச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

"எங்க நின்னு வெயிட்டு பாத்தீங்க?"

"எஸ்டேட்லதான். செம்பனைப் பழம் ஏத்துற லோரிய நிறுக்குற தராசுல. கணக்கெழுதுற கிராணிதான் நம்பர் பாத்துச் சொல்லுவாரு."

"ஐயோ, அது பத்து பத்தாத்தானே காட்டும்! நடுவுல உள்ள கிலோவெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க."

"அதனால என்ன? எறங்கிச்சா இல்லியா?"

"சரி, கடைசி வாரம் மட்டும் புதுசா என்ன செஞ்சீங்க?"

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பூட்ஸ கழட்டிட்டு ஏறினேன்."

அந்தப் பெண் லேப்டாப்பில் ஏதோ தட்டினார். கோடு விழுந்த இடத்தில் சிவப்பாக ஓர் அம்புக்குறி முளைத்தது. அதன் பக்கத்தில் ஒரே வார்த்தை: 'பூட்ஸ்'.