வாசலில் அழுகிய கத்தாழை

திருவில்லிபுத்தூரிலிருந்து சேத்தூர் போகும் பஸ். ஒரே ஒரு இடம்தான் காலி. ஏறிய பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில் இருந்தேன்.

ராஜபாளையம் தாண்டியதும் தயங்கி உட்கார்ந்தவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“மதினி, எங்க வாசல் கத்தாழைய அழுக வச்சது ஒங்க கண்ணு இல்லையாம்.”

“பொறவு யாரு கண்ணாம்?”

“கண்ணே இல்ல, ஈயாம். நர்சரிக்காரரு அறுத்துக் காட்டுனாரு. உள்ள அம்புட்டும் புழு. அந்த ஈ தேனீ கணக்கா இருக்குமாம், அந்தரத்துலயே நிக்குமாம். அது முட்டை போட்டு, புழு தின்னுருக்கு.”

“புதுவீட்டப் பாத்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். தெருவே கேக்க ஏசுன.”

“திருஷ்டிக்குக் கட்டுனது அழுகுனா யாருன்னாலும் அப்படித்தான் நெனப்பாக. வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து மதினி. எங்கண்ணன் மடி இல்லாம எப்படிக் குத்த?”

“மாமன் மடி வேணும். மாமன் பொண்டாட்டி கண்ணு வேண்டாமாக்கும்.”

அவள் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். மதினி வாங்கவில்லை.

“வாசல்ல இப்ப என்ன தொங்குது?”

“புதுக் கத்தாழை.”

“ஈதான்னு தெரிஞ்ச பொறவுமா?”

“இருந்தாலும் கண்ணுன்னு ஒண்ணு இருக்குல்ல மதினி.”

மதினி பத்திரிகையை வாங்கிக்கொண்டாள்.

“ஒங்கண்ணன அனுப்புதேன். நானும் வாரேன். கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் வருவேன்.”